இரைப்பை பேண்டை இறுக்குவதா, தளர்த்துவதா, அப்படியே விடுவதா?

எடையைக் குறைக்க இரைப்பையைச் சுற்றி பேண்ட் என்ற வளையத்தை மாட்டியிருந்தும், எடை இறங்குவது நின்று ஏழு வாரம் ஆகியிருந்தது. கிளினிக்கில் போய் உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "டாக்டர், இன்னும் கொஞ்சம் ஏத்திடுங்க." அவர் சிரிஞ்சைத் தொடவில்லை. "பசிக்குதாம்மா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பசி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. "அப்போ எதுக்கு ஏத்தணும்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எடை நின்றால் வளையத்துக்குள் சலைன் என்ற உப்புநீரை ஏற்றி இறுக்க வேண்டும், மறுபடி நின்றால் மறுபடி ஏற்ற வேண்டும், இதற்குத்தானே வயிற்றுக்குள் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். இரைப்பையில் பேண்ட் வைத்துக்கொண்ட பலரும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அது தப்புக் கணக்கு என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வேறொரு கிளினிக்குக்குப் போய், கேட்டபடி ஏற்றிக்கொண்டு, நான்கு மாதம் அவதிப்பட்ட பிறகுதான் புரிந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சலைனை ஏற்றலாம், இருக்கிறபடி விடலாம், கொஞ்சம் எடுத்துவிடலாம். மூன்றும் சரிப்படாத நிலை வந்தால் நான்காவது ஒன்று உண்டு: பேண்டையே கழற்றிவிட்டு வேறு சிகிச்சைக்கு மாறுவது. எது எப்போது பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் மருத்துவர் அல்ல, ஒன்பது வருடமாக இந்த வளையத்தோடு வாழ்கிறவள். முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அங்கே கிடைக்கும் பத்து நிமிடம் வீணாகாது.

வளையம் செய்யும் வேலை

இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிலிக்கோன் வளையம். அதன் உட்புறத்தில் பலூன் போன்ற ஒரு பை. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, தோலுக்கு அடியில் தசையுறை மேல் தைத்து வைத்திருக்கும் போர்ட் என்ற, ஊசி குத்துவதற்கான சின்ன வாசலில் போய் முடிகிறது. போர்ட்டுக்குள் ஹ்யூபர் ஊசி என்ற தனி வகை ஊசியைச் செலுத்தி, சலைனை உள்ளே விடலாம், வெளியே எடுக்கலாம். சாதாரண ஊசி போர்ட்டின் ரப்பரைத் துண்டு துண்டாக அரித்துவிடும் என்பதால்தான் இந்தத் தனி ஊசி. 1986-இல் லுபோமிர் குஸ்மாக் இப்படி ஊதிச் சரிசெய்யக்கூடிய பேண்டை அறிமுகப்படுத்தினார். 1993-இல் பெல்ஜியத்தில் மிட்டிக்கு பெலாச்சூ அதை லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) வழியாகப் பொருத்திக் காட்டினார். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது 2001-இல்.

பேண்ட் ஒரு தடுப்புச் சுவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். மேலே சின்னதாக ஒரு பை, அது நிரம்பினால் அதற்கு மேல் சாப்பிட முடியாது, அதனால் எடை குறைகிறது என்று. ஆரம்ப காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் விளக்கினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. சரியாக அமைந்த பேண்டில் உணவு மேலே தேங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு வாயும் வளையத்தைத் தாண்டிக் கீழே போகிறது. தாண்டும்போது இரைப்பைச் சுவரில் ஏற்படும் அழுத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போய், போதும் என்ற உணர்வைத் தருகிறது. சாப்பிடாத நேரத்திலும் வளையத்தின் மெல்லிய அழுத்தம் பசியை அடக்கி வைக்கிறது. அந்த அழுத்தம் பாதரச அளவில் சுமார் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆக, பேண்ட் பசியை அடக்கும் கருவி. சாப்பாட்டை மறிக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தத் தொடங்கினால் அங்கிருந்துதான் எல்லாத் தொல்லையும் வருகிறது. கீழே நான் சொல்லும் எல்லா முடிவுகளும் இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்குகின்றன.

மஞ்சள், பச்சை, சிவப்பு

மெல்பர்னில் பேண்ட் அறுவை நிபுணர் பால் ஓ'பிரையனின் குழுவினர் பிரபலப்படுத்திய ஒரு எளிய முறை இருக்கிறது. போக்குவரத்து விளக்கு மாதிரி மூன்று நிறம். மஞ்சள் என்றால் பேண்ட் தளர்வு: சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது, தட்டு நிறையச் சாப்பிட முடிகிறது, நொறுக்குத் தீனி தேடிக் கை போகிறது. பச்சை என்றால் சரியான இடம்: சின்ன அளவுச் சாப்பாடே போதுமாக இருக்கிறது, அடுத்த வேளை வரை பசி தலை தூக்குவதில்லை, மென்று சாப்பிட்டால் எதுவும் சிக்குவதில்லை. சிவப்பு என்றால் இறுக்கம் அதிகம்: ரொட்டியும் இறைச்சியும் இறங்க மறுக்கின்றன, எதுக்களிக்கிறது, வாயில் வழுவழுப்பான எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, இரவில் இருமல்.

எடை பார்க்கும் மெஷினில் தெரியும் எண் இந்த மூன்று நிறத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கு இது உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று. எடை நின்றுபோவது மஞ்சளிலும் நடக்கும், பச்சையிலும் நடக்கும், சிவப்பிலும் நடக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு சலைன் ஏற்றச் சொன்னால் மூன்றில் ஒரு நிறத்தில்தான் அது சரியான மருந்து.

ஏற்றுவது

நீங்கள் மஞ்சளில் இருந்தால் தயங்க வேண்டியதே இல்லை, ஏற்றிக்கொள்ளலாம். பசி தாங்காமல் மன உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது யாருக்கும் நெடுநாள் முடியாத காரியம். அதற்கு உதவத்தான் வளையம் இருக்கிறது. "நான்தான் கட்டுப்பாடு இல்லாதவள், அதனால்தான் பசிக்கிறது" என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு வருடமாக ஊசி போட்டுக்கொள்ளப் போகாமலே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கேட்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

முதல் ஏற்றம் வழக்கமாக அறுவை முடிந்து 4 முதல் 6 வாரத்துக்குப் பிறகு. அதுவரை வளையம் தன் இடத்தில் ஒட்டிக்கொள்ள நேரம் கொடுக்கிறார்கள். அப்புறம் சில வாரங்களுக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. இங்கே ஒரு விஷயம்: மி.லி. கணக்கை அடுத்தவரோடு ஒப்பிடாதீர்கள். லேப் பேண்ட் என்ற பிராண்டின் பழைய வகைகளில் சிலது 4 மி.லி. மட்டுமே கொள்ளும். பிறகு வந்த ஏ.பி. ஸ்டாண்டர்டு 10 மி.லி., ஏ.பி. லார்ஜ் 14 மி.லி. கொள்ளும். சின்ன பேண்டில் அரை மி.லி. என்பது பெரிய மாற்றம். பெரிய பேண்டில், அதுவும் தொடக்கத்தில், அது தெரியக்கூடத் தெரியாது. "எனக்கு 7 மி.லி. இருக்கு, உனக்கு 3 தானா?" என்று நோயாளிகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

சரியாக இருந்த பேண்ட் சில மாதத்தில் தளர்ந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. சலைன் கசிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். எடை குறையும்போது வளையத்துக்குள் இரைப்பையைச் சுற்றியிருக்கும் கொழுப்பும் கரைகிறது. உடம்பு மெலிந்தால் மோதிரம் கழல்வது மாதிரிதான். அந்த நேரத்தில் கொஞ்சம் ஏற்றுவது இயல்பான காரியம்.

ஏற்றுவதற்கு ஒரு விலை உண்டு. ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் நீராகாரம், அதன் பின் மசித்த உணவு, பிறகுதான் கெட்டியான சாப்பாடு. வளையத்தின் உட்புறம் சற்று வீங்கக்கூடும் என்பதால் முதல் சில நாளில் தெரியும் இறுக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. குறைந்தது ஒரு வாரமாவது ஆக வேண்டும். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இறங்கினால் அது நல்ல வேகம். அதைவிட வேகமாக இறங்க வேண்டும் என்பதற்காக ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அப்படியே விடுவது

மூன்று வழிகளில் கேட்கவே பிடிக்காத வழி இதுதான். கிளினிக் வரை போய்விட்டு ஒன்றும் செய்யாமல் திரும்புவதா என்று தோன்றும். ஆனால் பசி அடங்கியிருக்கிறது, கெட்டியான உணவு சிரமமில்லாமல் இறங்குகிறது, எடை மட்டும் நிற்கிறது என்றால் சலைனால் அங்கே செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. நீங்கள் பச்சையில் இருக்கிறீர்கள். காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இருபது கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய உடம்பைவிடக் குறைந்த எரிபொருள் போதும். முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையை அப்படியே வைத்திருக்கப் போதுமானதாக ஆகியிருக்கும். அப்புறம், பேண்டுக்குத் தெரியாமல் உள்ளே போகிறவை: பழச்சாறு, பால் கலந்த இனிப்புப் பானங்கள், ஐஸ்கிரீம், சாக்லேட், மது. இவை வளையத்தில் நிற்பதே இல்லை, அழுத்தமும் தருவதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் இவற்றைப் பிடிக்க முடியாது. தூக்கம் கெட்டிருக்கிறதா, புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா என்பதையும் பார்க்க வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் எடையை ஏற்றும்.

சாப்பிடும் முறையையும் இங்கேதான் சரிபார்க்க வேண்டும். சின்ன வாய், நன்றாக மெல்லுதல், விழுங்கியதும் அது வளையத்தைத் தாண்டும் வரை ஒரு நிமிடம் பொறுத்தல். ஒரு வேளைச் சாப்பாடு இருபது நிமிடத்துக்கு மேல் நீளக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது பெரும்பாடு. பொறுக்காமல் அடுத்த வாயைப் போட்டால் முதல் வாய் வளையத்தின் மேலேயே நிற்கும், இரண்டாவது அதன் மேல் ஏறும், நெஞ்சடைக்கும். அப்போது பேண்ட் இறுக்கம் என்று நினைப்போம். உண்மையில் நம் அவசரம்தான் காரணமாக இருக்கும். இரண்டு வாரம் நிதானமாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஏற்றுவதா எடுப்பதா என்று முடிவு செய்யலாம்.

எடுப்பது

இனி என் கதை. "எதுக்கு ஏத்தணும்" என்று கேட்ட மருத்துவரை விட்டுவிட்டு இன்னோரிடம் போனேன். அங்கே ஒரு கேள்வியும் இல்லை, ஏற்றிவிட்டார்கள். முதல் இரண்டு வாரத்தில் இரண்டரை கிலோ போயிற்று. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து இறைச்சித் துண்டு இறங்கவில்லை. பிறகு ரொட்டி இறங்கவில்லை. காலையில் தண்ணீர்கூட மெதுவாகத்தான் போகும். பகலில் ஒரு மாதிரி சமாளித்துவிடுவேன். இரவில் படுத்தால் இருமல். தலையணையை உயர்த்தி வைத்துப் பார்த்தேன், இருமல் மருந்து குடித்துப் பார்த்தேன், ஆஸ்துமாவாக இருக்குமோ என்று இன்ஹேலர்கூட வாங்கினேன். அந்த நாலு மாதத்தில் ஒருவரும் பேண்டைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் சலைனை எடுத்துவிடுவார்களே என்ற பயம்.

ஒரு நாள் என் தங்கைதான் சொன்னாள்: "அக்கா, நீ சாப்பாட்டையே தொட மாட்டேங்கிற. ஆனா ஃப்ரிட்ஜ்ல ஐஸ்கிரீம் மட்டும் தீர்ந்துகிட்டே இருக்கே." எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. மெஷினில் ஏறி நின்றேன். போன இரண்டரை கிலோவும் திரும்பி வந்து, அதற்கு மேல் இன்னும் ஒரு கிலோ.

நடந்தது இதுதான். கெட்டியான உணவு இறங்காததால், இறங்குகிற உணவைத் தேடி உடம்பு போய்விட்டது. இறங்குகிறவை எல்லாம் இனிப்பும் கொழுப்பும் நிறைந்த மென்மையான சமாச்சாரங்கள். வளையம் அதிகமாக இறுகினால் எடை ஏறும் என்பது கேட்கத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் பேண்டைத் தெரிந்த மருத்துவர்கள் எல்லோரும் அடிக்கடி பார்க்கிற விஷயம் அது. முதல் மருத்துவரிடமே திரும்பிப் போனேன். அவர் கோபிக்கவில்லை. அரை மி.லி. எடுத்தார். அன்றிரவு நான்கு மாதத்தில் முதல் முறையாக இருமாமல் தூங்கினேன். அடுத்த ஆறு வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது, பேண்ட் முன்பைவிடத் தளர்ந்திருந்த நிலையில்.

அதனால்தான் சொல்கிறேன், சலைனை எடுப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். ஏற்றுவது போலவே அதுவும் ஒரு சிகிச்சை. இரவு இருமல், நெஞ்செரிச்சல், படுத்தால் உணவு வாய்க்கு வருதல், வாரத்தில் பல முறை எதுக்களித்தல், கெட்டி உணவைத் தவிர்க்கத் தொடங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எடுப்பதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும். இரவு இருமலைச் சாதாரணமாக எண்ணவே கூடாது. உணவுக்குழாயில் தேங்கியது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். மாதக்கணக்கில் இறுக்கமாகவே விட்டால் வளையத்துக்கு மேலுள்ள பை விரியும், உணவுக்குழாயே அகன்று தளர்ந்துபோகும். நல்ல வேளையாக, ஆரம்பத்திலேயே சலைனை முழுதும் எடுத்துவிட்டுச் சில வாரம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்து, தையமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போய் நரம்பும் மூளையும் பாதிக்கப்படுவது. வாந்தி நிற்காமல் இருந்தால் அதை மருத்துவரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

காத்திருக்கவே கூடாத சமயங்களும் உண்டு. ஊசி போட்ட பிறகு தண்ணீரும் இறங்கவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் அன்றே போக வேண்டும். மேல்வயிற்றில் விடாத கடும் வலி, கூடவே வாந்தி என்றால் பேண்ட் நழுவியிருக்கலாம். இரைப்பையின் ஒரு பகுதி வளையத்தின் மேலே ஏறி, ரத்த ஓட்டம் தடைபடலாம். அவசரப் பிரிவில் பேண்ட் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஹ்யூபர் ஊசி கையில் இல்லாவிட்டாலும் மெல்லிய சாதாரண ஊசியால் சலைனை எடுத்துவிட முடியும். போர்ட் பிறகு கசியலாம்தான், ஆனால் அதை மாற்றிக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே அறையிலா, ஆலோசனை அறையிலா

சில இடங்களில் ஊசியை எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். பேரியம் கரைசலைக் குடிக்கச் சொல்லி, அது வளையத்தைத் தாண்டும் வேகத்தைப் பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள். மற்ற இடங்களில் கையால் போர்ட்டைத் தடவிக் கண்டுபிடித்து, ஊசி போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். இரண்டாவது முறை வேகமானது, கதிர்வீச்சு இல்லை, அடிக்கடி செய்யலாம். முதல் முறையில் பை விரிந்திருக்கிறதா, வளையம் சாய்ந்திருக்கிறதா, உணவுக்குழாய் அகன்றிருக்கிறதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

வழக்கமான ஏற்றத்துக்கு ஆலோசனை அறை போதும் என்பது என் எண்ணம். பசியைப் பற்றிய கேள்விக்குப் பதில் எக்ஸ்ரேயில் தெரியாது. திரையில் திரவம் அழகாகப் போவது தெரியும், மாலை ஐந்து மணிக்கு நீங்கள் பிஸ்கட் டப்பாவைத் திறப்பது தெரியாது. ஆனால் போர்ட் கைக்கு அகப்படவில்லை, திடீரென்று இறுக்கம் வந்தது அல்லது திடீரென்று இறுக்கம் மறைந்தது, அளவு மாற்றியும் அறிகுறி மாறவில்லை என்றால் எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

எத்தனை முறை போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2004-இல் வந்த ஓர் ஆய்வில், முதல் வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் கிளினிக்குக்கு வந்தவர்கள் கூடுதல் எடையில் (இருக்க வேண்டியதற்கு மேல் இருந்த எடையில்) சுமார் 50 சதவீதத்தையும், அதற்குக் குறைவாக வந்தவர்கள் 42 சதவீதத்தையும் இழந்திருந்தார்கள். பெரிய அளவாக இரண்டு முறை ஏற்றுவதைவிட, சின்ன அளவாக ஆறு முறை திருத்துவது நல்லது. தூரம், வேலை, குழந்தைகள் என்று போக முடியாத நிலைமை உங்களுடையது என்றால், அளவைச் சற்றுத் தளர்வான பக்கமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தளர்வில் பசி எடுக்கும், அவ்வளவுதான். இறுக்கத்தில் மாட்டிக்கொண்டு உதவி இல்லாமல் இருப்பது ஆபத்து.

கர்ப்பகாலம் தனிக் கணக்கு. சிலர் சலைனை முழுவதும் எடுத்துவிடுகிறார்கள். சிலர் மசக்கை வாந்தி இருக்கும் மாதங்களில் மட்டும் எடுத்து, பிறகு தாயின் எடையையும் குழந்தையின் வளர்ச்சியையும் பார்த்து ஓரளவு திருப்பி ஏற்றுகிறார்கள். எதுவானாலும், கர்ப்பம் தெரிந்த உடனே பேண்ட் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அளவு மாற்றியும் பலனில்லை என்றால்

ஏற்றினால் இரண்டு வாரம் இறுக்கம், பிறகு ஒன்றுமே இல்லாதது போல ஆகிவிடுகிறது என்றால் கசிவைச் சந்தேகிக்கலாம். பார்ப்பது எளிது: போர்ட்டிலிருந்து முழுவதும் இழுத்து, போட்ட அளவு திரும்பி வருகிறதா என்று அளப்பார்கள். குறைந்தால் குழாயிலோ போர்ட்டிலோ ஓட்டை. பெரும்பாலும் சின்ன அறுவையில் சரியாகிவிடும். வருடங்கள் கழித்து போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் வைக்கிறது, கூடவே பேண்டின் பிடியும் போய்விட்டது என்றால் விஷயம் வேறு. வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் தெரியும். அதற்கு சலைன் விளையாட்டே கிடையாது, கழற்றத்தான் வேண்டும்.

இங்கே நான்காவது வழிக்கு வருகிறோம். பேண்டை வைத்துக்கொள்வதா, விடுவதா? இரு பக்கமும் நீண்டகால ஆய்வுகள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓ'பிரையன் குழு 2013-இல் வெளியிட்ட பதினைந்து வருடக் கணக்கில், 3,227 பேருக்குப் பேண்ட் வைத்திருந்தார்கள். பதினைந்து வருடம் கடந்தவர்கள் கூடுதல் எடையில் சராசரியாக 47 சதவீதத்தைத் திரும்பி வராமல் வைத்திருந்தார்கள். பேண்ட் கழற்றப்பட்டவர்கள் 5.6 சதவீதம். பிரசல்ஸில் ழாக் ஹிம்பென்ஸ் குழு 2011-இல் வெளியிட்டது நேர் எதிர். 1994 முதல் 1997 வரை பேண்ட் வைத்தவர்களைப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கழித்துத் தேடிப் பார்த்ததில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் பேண்டைக் கழற்றியிருந்தார்கள். அமெரிக்க மெடிக்கேர் காப்பீட்டில் இருந்த 25,042 பேரைப் பார்த்த 2017 ஆய்வில், சராசரியாக நாலரை வருடத்துக்குள் 18.5 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டிருந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பொருத்தும் முறை இடையில் மாறியது, வளையமும் மாறியது. கூடவே, மெல்பர்னில் நோயாளிகளை வருடக்கணக்கில் விடாமல் கூப்பிட்டு, அளவு பார்த்து, திருத்திக்கொண்டே இருந்தார்கள். நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: பேண்ட் என்பது வைத்துவிட்டு மறந்துவிடும் பொருள் அல்ல. கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில் அது வேலை செய்கிறது. இன்று அந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அமெரிக்காவில் 2011-இல் எடைக்குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பேண்ட்தான். 2018-இல் அது நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. உங்கள் பேண்டைத் தெரிந்த மருத்துவர் ஓய்வு பெற்றால் அடுத்து யார் என்ற கேள்வியும் இந்த முடிவில் சேர வேண்டும்.

பச்சையில் இருக்கிறீர்கள், தொல்லை இல்லை என்றால் கழற்ற எந்தக் காரணமும் இல்லை. நன்றாக நடக்கிற ஒன்றை ஊர் முழுவதும் மாற்றுகிறது என்பதற்காக மாற்ற வேண்டாம். ஆனால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே பச்சையே அகப்படாமல், கால் மி.லி. ஏற்றினால் சிக்கல், எடுத்தால் பசி என்று வருடக்கணக்கில் ஊசலாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேலும் மேலும் ஊசி போட்டுக்கொள்வதைவிட மாற்று வழியைப் பேசத் தொடங்குவது நல்லது.

வெறுமனே கழற்றினால் பசி திரும்பும், எடையும் பெரும்பாலும் திரும்பும். அதனால் பலர் ஸ்லீவுக்கோ பைபாஸுக்கோ மாறுகிறார்கள். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், குடலைத் தொடுவதில்லை. பைபாஸில் சின்னப் பை ஒன்றை உருவாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும், ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். ஸ்லீவுக்குப் பிறகும் வைட்டமின் தேவைதான், பைபாஸில் அது இன்னும் கண்டிப்பு. பேண்டில் உங்கள் முக்கியத் தொல்லை எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் என்றால் பைபாஸ் பக்கம்தான் தராசு சாயும். ஸ்லீவ் அந்தத் தொல்லையைக் கூட்டிவிடக்கூடும்.

ஒரே அறுவையில் கழற்றி மாற்றுவதா, கழற்றிவிட்டுச் சில மாதம் பொறுத்து மாற்றுவதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வளையம் இருந்த இடத்தில் தழும்புத் திசு தடித்துப் போயிருக்கும். அதன் மேல் ஸ்டேபிள் போட்டால் கசிவு வாய்ப்பு கூடும். வளையம் அரித்து உள்ளே போயிருந்தால் இரண்டு கட்டம்தான் பாதுகாப்பு. தொல்லையில்லாத பேண்ட் என்றால், அனுபவமுள்ள கையில் ஒரே கட்டத்திலும் செய்கிறார்கள். உங்கள் மருத்துவர் பேண்டிலிருந்து மாற்றும் அறுவையை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பதில் தவறே இல்லை.

இப்போது எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் இந்த வரிசையில் வந்துவிட்டன. செமாக்ளுடைடு எடுத்துக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதமும், டிர்செபடைடின் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதமும் குறைந்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டின. இரண்டுமே பேண்ட் இல்லாதவர்களிடம் செய்யப்பட்ட சோதனைகள். பேண்டைத் தளர்வாக வைத்துக்கொண்டு மருந்தையும் சேர்ப்பது எனக்கு நியாயமான யோசனையாகப் படுகிறது, மறுபடி ஓர் அறுவைக்குப் பயப்படுகிறவர்களுக்கு முக்கியமாக. ஆனால் இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், வாந்தியும் வரலாம். வாந்தி பேண்டை நழுவ வைக்கும். ஆகவே சிவப்பில் இருக்கும்போது மருந்தைத் தொடங்காதீர்கள். முதலில் சலைனை எடுத்து, கெட்டி உணவு சிரமமில்லாமல் இறங்குகிறது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு தொடங்கலாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு சின்னக் காகிதம் கையில் இருக்கட்டும். பேண்டின் வகை, அது கொள்ளும் மொத்த அளவு, இப்போது உள்ளே இருக்கும் மி.லி., கடைசியாக மாற்றிய தேதி, போர்ட் வலப்பக்கமா இடப்பக்கமா என்பது. என்னுடையது பர்ஸில் இருக்கிறது. தங்கையின் போனிலும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.